பள்ளி மாவட்டத்தில் ஓடும் செயலிகளைக் கணக்கெடுப்பதும் குறைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் தொழில்நுட்ப அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழர்கள், அங்கே ஆசிரியர்களாக இருப்பவர்கள், தொழில்நுட்பக் குழுவில் பெற்றோர் சார்பில் உட்காருபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறோம். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

1. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா நம்ம ஊர் மாவட்டக் கல்வி அலுவலகம் மாதிரியா? ஆப் வாங்குறது யார் கையில இருக்கு?

இல்லை. நம்மூர் மாவட்டக் கல்வி அலுவலர், மாநிலத் துறையின் கீழ் வேலை செய்யும் ஓர் அதிகாரி. அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பெரும்பாலும் தனி அரசு அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம், அது நியமிக்கும் சூப்பரின்டெண்டென்ட், சொந்த பட்ஜெட், பல மாநிலங்களில் வரி போடும் அதிகாரமும் உண்டு. நாடு முழுக்க சுமார் 13,000 மாவட்டங்கள். சிலவற்றில் மொத்தமே இருநூறு முந்நூறு பிள்ளைகள்; லாஸ் ஏஞ்சலஸ் போன்றவற்றில் லட்சக்கணக்கில்.

செயலி உள்ளே வரும் வாசல்தான் சிக்கல். தொழில்நுட்ப அலுவலகம் வாங்கும், பாடத்திட்ட அலுவலகம் வாங்கும், சிறப்புக் கல்விப் பிரிவு தனியாக வாங்கும், பள்ளி முதல்வர் தன் கார்டில் வாங்குவார், பெற்றோர் சங்கம் அன்பளிப்பாகக் கொடுக்கும். இதற்கெல்லாம் மேலே, ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்து திங்கட்கிழமை காலை பிள்ளைகளை உள்ளே விட்டுவிடுவார். இந்த ஆறு வாசலையும் பார்க்காத கணக்கெடுப்பு பாதிக் கணக்கெடுப்புதான்.

2. இவ்வளவு ஆப் எப்படிச் சேர்ந்துச்சு?

கோவிட் காலம் ஒரு காரணம், அப்போது வந்த பணம் இன்னொரு காரணம். 2020 மார்ச், 2020 டிசம்பர், 2021 மார்ச் என்று மூன்று தவணையாக எஸ்ஸர் எனப்படும் கூட்டாட்சி அரசின் உதவி நிதி, மொத்தம் ஏறக்குறைய 19,000 கோடி டாலர், பள்ளிகளுக்கு வந்தது. மூன்று வருட லைசென்ஸ்கள் பல அந்தப் பணத்தில் வாங்கியவை. கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்கி முடிக்க 2024 செப்டம்பர் 30 கெடு. பணம் நின்றது, புதுப்பிப்பு பில் நிற்கவில்லை. இப்போது பல மாவட்டங்கள் இந்த வேலையில் இறங்கியிருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, லேர்ன்பிளாட்ஃபார்ம் என்ற நிறுவனம் 2023-24 கல்வியாண்டுக்கு வெளியிட்ட கணக்கில் ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 2,739 கருவிகள். இதை எப்படிப் படிப்பது என்பது 4-ஆம் கேள்வியில்.

3. ஆசிரியர்களுக்கு ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பி என்னென்ன யூஸ் பண்றீங்கன்னு கேட்டா போதாதா?

போதாது. ஆசிரியர்கள் நினைவில் இருப்பதை எழுதுவார்கள், திட்டு விழும் என்று தோன்றுவதை விட்டுவிடுவார்கள். ஃபார்ம் கடைசியில் வரட்டும். முதலில் பதிவேடுகளைப் பாருங்கள்.

முதலாவது, வலை வடிகட்டியின் லாக், அதாவது யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற பதிவு. ஈ-ரேட் மானியத்தில் இணைய வசதி பெறும் பள்ளிகள் வடிகட்டி வைத்தே ஆக வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் சிப்பா சட்டம் சொல்கிறது. அதனால் கோகார்டியன், செக்யூர்லி, லைட்ஸ்பீட் என்று ஏதாவது ஒன்று உங்களிடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கடந்த 90 நாள் லாக்கை இறக்குங்கள். இரண்டாவது, கூகுள் அட்மின் கன்சோல். அதில் செக்யூரிட்டி, ஆக்சஸ் அண்ட் டேட்டா கன்ட்ரோல், ஏபிஐ கன்ட்ரோல்ஸ் என்று உள்ளே போனால் ‘கூகுள் கணக்கில் நுழைக’ பொத்தானை அழுத்தி யார் யார் எந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்தார்கள், அந்தச் செயலி டிரைவைப் படிக்கிறதா, மின்னஞ்சலைப் படிக்கிறதா என்பதெல்லாம் தெரியும். 18 வயதுக்குக் கீழ் என்று குறிக்கப்பட்ட கணக்குகளுக்கு, நிர்வாகி அனுமதிக்காத வெளிச் செயலிகளை 2023 அக்டோபரிலிருந்து கூகுளே தடுக்கிறது. ஆசிரியர் கணக்குகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது. அதிர்ச்சி அங்கேதான் காத்திருக்கும்.

மூன்றாவது, குரோம் நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) பயன்பாட்டு அறிக்கை. ‘எல்லா வலைத்தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வாங்கியிருக்கும் நீட்சிகளைத் தனியாகப் பிரித்து வையுங்கள். நான்காவது, ஒரே லாகினில் எல்லாச் செயலிக்குள்ளும் நுழைய வைக்கும் கிளெவர் அல்லது கிளாஸ்லிங்க் தளத்தின் பட்டியல். ஐந்தாவது, கணக்குப் பிரிவு: பர்சேஸ் ஆர்டர்கள், கார்டு ஸ்டேட்மென்ட்கள், பள்ளி அளவிலான மாணவர் நிதிக் கணக்கு. கார்டு ஸ்டேட்மென்டில் மாதாமாதம் 9, 12, 15 டாலர் என்று போகும் வரிகளை விடாதீர்கள். ஒன்றும் இல்லாதது போல இருக்கும். இருபது பள்ளியில் கூட்டிப் பார்த்தால் ஒரே செயலிக்கு இருபது தனிச் சந்தா.

4. ஃபில்டர் லாக்ல 3,000 ஆப் பேரு காட்டுது. நிஜமாவே 3,000 ஆப்பா?

லாக் எண்ணுவது வலை முகவரிகளை. கஹூட் என்ற ஒரே வினாடி வினாச் செயலி, ஆசிரியர் பக்கம் ஒரு முகவரி, பிள்ளைகள் நுழைவதற்கு இன்னொரு முகவரி, வினா தயாரிக்க மூன்றாவது என்று மூன்று வரியாக நிற்கும். விளம்பரம், படம் சேமிக்கும் சர்வர், பிள்ளைகள் ஒரு நாள் எட்டிப்பார்த்த விளையாட்டுத் தளம் எல்லாம் இதே பட்டியலில் கலந்திருக்கும்.

முதலில் ஒரே நிறுவனத்தின் முகவரிகளை ஒன்றாக்குங்கள். பிறகு ஓர் அளவுகோல் வையுங்கள்: 90 நாளில் குறைந்தது 10 பேர், குறைந்தது 3 வெவ்வேறு நாள் பயன்படுத்தியதுதான் கணக்கில் வரும். பட்டியல் சில நூறுக்கு இறங்கிவிடும். ஆனால் மாணவர் பெயரோ மின்னஞ்சலோ கேட்கும் செயலி என்றால் இரண்டே பேர் பயன்படுத்தினாலும் கழிக்காதீர்கள். சிறப்புக் கல்விக் கருவிகளும் அப்படித்தான், நான்கு பிள்ளைகளுக்கென்றே இருக்கும். இன்னொன்று: வடிகட்டி பள்ளி வலையில் மட்டும் வேலை செய்கிறதா, வீட்டுக்குப் போகும் குரோம்புக்கிலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். முதல் வகை என்றால் வீட்டுப்பாடச் செயலிகள் உங்கள் கண்ணிலேயே படாது.

5. எக்செல்ல என்னென்ன நெடுவரிசை வைக்கணும்?

செயலியின் பெயர், நிறுவனம், என்ன வேலைக்கு, எந்த வகுப்புகள், பொறுப்பாளர், ஆண்டுச் செலவு, எந்த நிதியிலிருந்து, லைசென்ஸ் எண்ணிக்கை, ஒப்பந்தம் முடியும் தேதி, ரத்து அறிவிப்புக்கான கடைசித் தேதி, மாணவர் தரவு என்னென்ன போகிறது, தரவு ஒப்பந்தம் உண்டா, லாகின் எப்படி. இவ்வளவு போதும். நாற்பது நெடுவரிசை வைத்தவர்கள் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

இதில் இரண்டைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் என்ற இடத்தில் ஓர் ஆளின் பதவி வர வேண்டும். ‘பாடத்திட்டத் துறை’ என்று எழுதினால் யாரும் இல்லை என்று பொருள். ‘என்ன வேலைக்கு’ என்பதற்கு நீங்களே பதினைந்து இருபது வகை வகுத்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்க வையுங்கள். ‘வாசிப்புப் பயிற்சி’, ‘வாசிப்பு மதிப்பீடு’, ‘பெற்றோருக்குச் செய்தி’ என்பது போல. ஆளாளுக்குத் தோன்றியதை எழுதினால் ஒரே வேலை செய்யும் நான்கு செயலிகள் நான்கு பெயரில் ஒளிந்துகொள்ளும்.

6. ஜூன்ல லீவு விட்டதும் ஆரம்பிக்கலாமா? அப்பதான் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

அப்போது ஆரம்பித்தால் ஒரு வருடம் போச்சு. பெரும்பாலான மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஒப்பந்தங்களும் அன்றைக்கே புதுப்பிக்கப்படும். தானாகப் புதுப்பிக்கும் விதி இருந்தால் 30, 60, சிலவற்றில் 90 நாள் முன்னதாக எழுத்தில் ரத்து சொல்ல வேண்டும். 90 நாள் என்றால் ஏப்ரல் 2. அதற்குள் முடிவு எடுத்திருக்க வேண்டும்.

அதனால் அக்டோபரில் பட்டியல் எடுங்கள். செப்டம்பர் வேண்டாம், அது லாகின் வேலை செய்யவில்லை என்ற புகார்களுக்கான மாதம். நவம்பர், டிசம்பரில் பயன்பாட்டு எண்கள், ஜனவரியில் முதல்வர்களோடும் ஆசிரியர்களோடும் பேச்சு, பிப்ரவரியில் முடிவு, மார்ச்சில் ரத்துக் கடிதங்கள், மே கடைசியில் தரவு ஏற்றுமதி, ஜூலையில் நிறுத்தம். மாநிலத் தேர்வு நடக்கும் வசந்த கால வாரங்களில் எதையும் தொடாதீர்கள், பழைய நீட்சியைக்கூட.

7. லாகின் குறைவா இருக்கிற ஆப்பை எல்லாம் எடுத்துடலாமா?

லாகின் எண்ணிக்கை ஏமாற்றும். விற்பவர் காட்டும் அறிக்கையில் ‘ஆக்டிவ் யூசர்’ என்றால் வருடத்தில் ஒரு தடவை உள்ளே வந்தவர்கூட அதில் அடங்கலாம். அந்தக் கருவி பலன் தர எவ்வளவு பயன்படுத்த வேண்டும் என்று நிறுவனமே ஓர் அளவு சொல்லியிருக்கும். ஐ-ரெடி என்ற வாசிப்பு, கணிதப் பயிற்சிச் செயலி என்றால் ஒரு பாடத்துக்கு வாரம் 30 முதல் 49 நிமிடம். அந்த அளவை எட்டியவர்களை மட்டும் எண்ணுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6,000 லைசென்ஸ், ஒன்று 12 டாலர், ஆண்டுக்கு 72,000 டாலர். ஒரு முறையாவது நுழைந்தவர்கள் 4,100. பார்க்க நன்றாகவே இருக்கிறது. சொன்ன அளவைப் பத்து வாரமாவது எட்டியவர்கள் 900. அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு உண்மையான செலவு 80 டாலர். அந்த 900 பேரில் 700 பேர் இரண்டே பள்ளிகளின் 3 முதல் 5-ஆம் வகுப்புப் பிள்ளைகள் என்று தெரிந்தால் விடை மாறிவிடும்: முழுசாக நிறுத்தாமல் அந்த இரண்டு பள்ளிக்கு மட்டும் வாங்கலாம். அங்கே ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பார்ப்பது எந்த அறிக்கையையும் விடப் பயன்.

குறைந்த லாகின் இருந்தும் தொடக்கூடாதவை உண்டு: வருடத்துக்கு மூன்று முறை நடக்கும் மதிப்பீடு, அவசரகால எச்சரிக்கை, மாநிலம் கட்டாயப்படுத்தியது, 14-ஆம் கேள்வியில் வரும் சிறப்புக் கல்விக் கருவிகள்.

8. பெற்றோருக்கு மெசேஜ் அனுப்ப மட்டும் நாலு ஆப் இருக்கு. எதை வச்சுக்கிறது?

முதலில் வெட்ட வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் வலி வெளிப்படையாகத் தெரியும். மூன்று பிள்ளைகள் மூன்று பள்ளியில் என்றால் ஒரு தாய் கிளாஸ்டோஜோ, ரிமைண்ட், பேரன்ட்ஸ்கொயர் எல்லாவற்றையும் போனில் வைத்திருப்பார். இதில் ரிமைண்டை 2023-இல் பேரன்ட்ஸ்கொயரே வாங்கிவிட்டது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று உடனே பாருங்கள்.

மாற்றும்போது இடறும் இடம் தொலைபேசி எண்கள். ஆசிரியர் தன் செயலியில் கையால் சேர்த்த எண்கள் சரியாக இருக்கும். மாவட்டச் செயலி மாணவர் தகவல் அமைப்பிலிருந்து எண்ணை எடுக்கும். அங்கே மூன்று வருடத்துக்கு முந்தைய எண் கிடக்கும். மாற்றத்துக்கு ஆறு வாரம் முன்பே எண்களைச் சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் போக வேண்டும். மொழிபெயர்ப்பையும் உண்மையான ஒரு செய்தியை வைத்துச் சோதியுங்கள். ‘புதன்கிழமை ஏர்லி ரிலீஸ்’ என்று அனுப்பினால் தமிழில் ‘முன்கூட்டியே விடுதலை’ என்கிற மாதிரி வந்து நிற்கும். பிள்ளை என்ன ஜெயிலிலா இருக்கிறது? அந்த மொழி பேசும் ஒரு பெற்றோரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

9. இலவச ஆப்தானே, இருந்துட்டுப் போகட்டுமே?

பணம் போகவில்லை, தரவு போகிறது. 1974-இன் ஃபெர்பா சட்டப்படி பெற்றோர் சம்மதம் இல்லாமல் மாணவர் பதிவுகளை நிறுவனத்துக்குக் கொடுக்க மாவட்டங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வழி, அந்த நிறுவனத்தைப் ‘பள்ளி அலுவலர்’ ஆகக் கருதுவது. அதற்குப் பள்ளி செய்ய வேண்டிய வேலையை அது செய்ய வேண்டும், தரவு மாவட்டத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஆசிரியர் ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தித் திறந்த கணக்கில் இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வரும்? மாவட்டத்தின் பெயரில் ஒப்பந்தம் செய்யும் அதிகாரமும் பெரும்பாலும் அவருக்குக் கிடையாது.

13 வயதுக்குக் கீழ் என்றால், இணையத்தில் பிள்ளைகளின் தகவலைக் காக்கும் கோப்பா சட்டமும் சேர்கிறது. எட்மோடோ என்ற கல்விச் செயலி பிள்ளைகளின் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது, சம்மதம் வாங்கும் பொறுப்பைப் பள்ளிகள் தலையில் கட்டியது என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மே மாதம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கட்ட வழியில்லை என்பதால் அந்தத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில், செயலியை மூடியிருந்தார்கள்.

எல்லா இலவசச் செயலியும் ஆபத்து என்று சொல்லவில்லை. கணக்குத் திறக்கச் சொல்லாத வரைபடத் தளமோ கணிதப் பயிற்சித் தளமோ இருந்துவிட்டுப் போகட்டும். கணக்குத் திறக்கச் சொன்னால் ஒப்பந்தம் வேண்டும்.

10. ஒவ்வொரு கம்பெனிகூடவும் தனித்தனியா ஒப்பந்தம் போட வக்கீலுக்கு எங்கே போறது?

போக வேண்டாம். மாணவர் தரவுப் பாதுகாப்புக்காகப் பல மாநில மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் எஸ்.டி.பி.சி. கூட்டமைப்பு ‘தேசியத் தரவுத் தனியுரிமை ஒப்பந்தம்’ என்ற பொது வடிவம் வைத்திருக்கிறது. ஒரு மாவட்டத்தோடு நிறுவனம் கையெழுத்திட்டு, கூடவே அதன் ‘இ’ (E) இணைப்பிலும் கையெழுத்திட்டிருந்தால், அதே மாநிலத்தின் மற்ற மாவட்டங்கள் ஒற்றைப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அதே விதிகளில் சேர்ந்துகொள்ளலாம். கூட்டமைப்பின் தேடுதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. சேர்வதற்கு முன் ‘பி’ (B) இணைப்பைப் படியுங்கள். எந்தெந்தத் தரவு எடுக்கிறார்கள் என்று டிக் போட்டிருக்கும். முந்தைய மாவட்டம் வாங்கியது வேறு தயாரிப்பாக இருந்தால் அந்த டிக்குகள் உங்களுக்குப் பொருந்தாது.

11. கிளெவர் போட்டு எல்லாத்தையும் ஒரே லாகின்ல கொண்டுவந்தாச்சு. இனி பிரச்சினை இல்லையே?

லாகின் பிரச்சினை தீர்ந்தது. தரவு கூடுதலாகப் போகும் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. புதுச் செயலி சேர்க்கும்போது அவசரத்தில் ‘எல்லாப் பள்ளியும், எல்லா மாணவரும்’ என்று பகிர்ந்திருப்பார்கள். 6-ஆம் வகுப்புக்கு மட்டும் வாங்கிய அறிவியல் செயலிக்கு மழலையர் வகுப்புப் பிள்ளைகளின் பெயரும் தினமும் ராத்திரி போய்க்கொண்டிருக்கும்.

வகுப்புப் பட்டியல் அனுப்ப ஒன்ரோஸ்டர் என்ற பொது வடிவம் பயன்படுகிறது. அதில் பிறந்த தேதி, இனம் போன்றவை இருக்கும் டெமோகிராபிக்ஸ் கோப்பு கட்டாயமில்லை. யூசர்ஸ் கோப்பில் தொலைபேசி நெடுவரிசையும் கட்டாயமில்லை. பழைய இணைப்புகளைத் திறந்து பாருங்கள், இரண்டும் நிரம்பி வழியும். செயலி ஒவ்வொன்றுக்கும் பள்ளி, வகுப்பு, பாடம் வாரியாகப் பகிர்வைக் குறைத்து, தேவையில்லாத நெடுவரிசைகளை அணைத்துவிடுங்கள். எந்தச் செயலியையும் நிறுத்தாமலே பாதி ஆபத்தை இந்த ஒரு வேலை குறைக்கும்.

12. ஒரு ஆப்பை நிறுத்துறதுன்னா போர்ட்டல்ல இருந்து ஐகானை எடுத்தா போதும்தானே?

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஐகானை எடுத்தால் கதவை மறைத்தீர்கள், அவ்வளவே. பில் வரும், கணக்குகள் இருக்கும், தரவு அங்கேயே கிடக்கும். பணம், கணக்கு, தரவு மூன்றும் நின்றால்தான் நின்றது.

வரிசை முக்கியம். முதலில் ரத்துக் கடிதம் போய், அது கிடைத்தது என்ற பதிலும் கைக்கு வர வேண்டும். பிறகு ஆசிரியர்கள் தாங்கள் உருவாக்கிய பாடம், வினாத்தாள், மதிப்பெண்களை இறக்கிக்கொள்ளத் தேதி கொடுங்கள், குறைந்தது ஆறு வாரம். மாவட்டம் வைத்திருக்க வேண்டிய பதிவுகளையும் நீங்கள் இறக்குங்கள். பெற்றோருக்குப் போன செய்திகளைக்கூட மாநிலப் பதிவேட்டு விதிகளின்படி சில காலம் வைத்திருக்க வேண்டி வரலாம். அதற்கு அப்புறம்தான் வகுப்புப் பட்டியல் அனுப்புவதை நிறுத்த வேண்டும். இதை முதலில் செய்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்: பட்டியல் வருவது நின்றதும் சில செயலிகள் வகுப்புகளைத் தானாகக் காப்பகத்துக்கு அனுப்பிவிடும், ஆசிரியர் உள்ளே போனால் வெறும் திரை. பட்டியல் நின்ற பிறகு ஐகான், கூகுள் அனுமதி, நீட்சி, ஐபேடில் தானாக இறங்கும் அமைப்பு எல்லாவற்றையும் எடுங்கள். கடைசியில் தரவை அழிக்கச் சொல்லி எழுதுங்கள்.

பாடமும் வீட்டுப்பாடமும் போடும் கேன்வாஸ், ஸ்கூலஜி போன்ற தளங்களில் ஆசிரியர்கள் போன வருடப் பாடத்தை அப்படியே நகலெடுப்பார்கள். நிறுத்திய செயலிக்கான இணைப்பும் கூடவே வரும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்த இணைப்புகளைத் தேடி எடுக்க ஒருவரை ஒதுக்குங்கள்.

13. டேட்டாவை அழிச்சுட்டோம்னு கம்பெனி மெயில் அனுப்பினா போதுமா? இதுக்கு ஏன் இவ்வளவு பாடு?

2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் மாணவர் தகவல் அமைப்பில் நடந்த திருட்டைப் பாருங்கள். உதவிச் சேவைத் தளத்தின் திருடப்பட்ட ஒரு லாகின் வழியாக நுழைந்தவர்கள் பல மாவட்டங்களின் தரவை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் பல வருடம் முன்பு படித்து முடித்தவர்களின், வேலையை விட்டுப் போன ஆசிரியர்களின் தகவலும் இருந்தது. அதற்கு முன் 2022 ஜனவரியில் இல்லுமினேட் எஜுகேஷன் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில் நியூயார்க் நகரத்தின் இந்நாள், முன்னாள் மாணவர்கள் சுமார் 8,20,000 பேரின் தகவல் வெளியேறியது. திருட்டை முழுக்கத் தடுப்பது உங்கள் கையில் இல்லை. திருடு போக அங்கே என்ன மிச்சம் கிடக்கிறது என்பது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது.

10-இல் சொன்ன பொது ஒப்பந்தத்தில் ‘டி’ (D) இணைப்பு என்று தரவை அப்புறப்படுத்தச் சொல்லும் படிவம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 60 நாளுக்குள் செய்ய வேண்டும். வெறும் மின்னஞ்சலை ஏற்காதீர்கள். எந்தத் தயாரிப்பு, எந்தத் தேதி, காப்புப் பிரதிகள் எப்போது அழியும், துணை நிறுவனங்களிடம் போனது என்ன ஆயிற்று என்று நாலும் இருக்கும் சான்று கேளுங்கள். ‘அடையாளம் நீக்கிய தரவை வைத்துக்கொள்வோம்’ என்று வந்தால், நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஊர்ப் பள்ளியில் வகுப்பு, பாலினம், மொழி மூன்றும் தெரிந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எடுத்துச் சொல்லி, எப்படி நீக்குகிறீர்கள் என்று கேளுங்கள்.

14. ஒரு பிள்ளையோட ஐ.இ.பி.ல ஆப் பேரே எழுதியிருக்கு. அதையும் எடுக்கலாமா?

தன்னிச்சையாக எடுக்கக் கூடாது. ஐ.இ.பி. எனப்படும் தனிக் கல்வித் திட்டம் சட்டப்படி நிறைவேற்ற வேண்டிய ஆவணம். அதில் ‘வாசித்துக் காட்டும் கருவி’ என்று மட்டும் இருந்தால் இணையான வேறொன்று கொடுக்கலாம். தயாரிப்பின் பெயரே இருந்தால் அந்தப் பிள்ளையின் குழு கூடித் திருத்தும் வரை கருவி இருக்க வேண்டும். பட்டியல் எடுக்கும்போதே சிறப்புக் கல்விப் பிரிவிடம் இதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

புதிதாக வைத்துக்கொள்ளப் போகும் செயலிகளுக்கும் ஒரு சோதனை உண்டு. அரசு அமைப்புகளின் வலைத்தளங்களும் கைபேசிச் செயலிகளும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த ஏற்றதா என்று அளக்கும் டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 தரத்தின் ஏஏ நிலையை எட்ட வேண்டும் என்று கூட்டாட்சி அரசின் நீதித்துறை 2024 ஏப்ரலில் விதி வெளியிட்டது. வெளி நிறுவனத்திடம் வாங்கி நீங்கள் கொடுப்பதும் அதில் அடங்கும். நிறுவனத்தின் அறிக்கையை வாங்கிக்கொள்வதோடு, மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒரு பயிற்சியை முடித்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பல செயலிகள் அம்பலமாகிவிடும்.

15. டீச்சருங்க சண்டைக்கு வர்றாங்க. ‘என் ஆப்பை ஏன் எடுத்தே?’ங்கிறாங்க.

நியாயமான கோபம்தான் பல நேரம். காரணம் சொல்லாமல் எடுத்தால் அதே செயலி சொந்த மின்னஞ்சல் கணக்கில் திரும்ப வரும், உங்கள் லாக்குக்கும் எட்டாது. மூன்று விஷயம் வேலை செய்யும்: எடுப்பதற்குப் பதிலாக எது என்று அதே கடிதத்தில் சொல்வது, அனுமதித்தவை, பரிசீலனையில் இருப்பவை, மறுத்தவை என்ற பட்டியலைக் காரணத்தோடு எல்லோரும் பார்க்கும்படி வைப்பது, புதுச் செயலி கேட்டால் பத்து வேலைநாளுக்குள் பதில் சொல்வது. விண்ணப்பம் இரண்டு மாதம் தூங்கினால் அந்த ஆசிரியர் அடுத்த முறை உங்களைக் கேட்க மாட்டார்.

முடிவைத் தொழில்நுட்ப அலுவலகம் தனியாக எடுக்காதீர்கள். பாடத்துக்கு எது நல்லது என்பதைப் பாடத்திட்டப் பொறுப்பாளர் சொல்ல வேண்டும், பாதுகாப்பையும் இணைப்பையும் நீங்கள் சொல்ல வேண்டும்.

16. எங்க டிஸ்ட்ரிக்ட்ல ஐ.டி.க்கு ஒரே ஆள். இதெல்லாம் நடக்கிற காரியமா?

முழுசாக நடக்காது. முதல் வருடம் இரண்டு மட்டும் செய்யுங்கள்: செலவில் முதல் பத்து இடத்தில் இருப்பவை, 11-இல் சொன்ன பகிர்வைக் குறைப்பது. மீதிக்கு வட்டார அமைப்பைப் பிடியுங்கள். நியூயார்க்கில் போசஸ், டெக்ஸாஸில் கல்விச் சேவை மையங்கள், பென்சில்வேனியாவில் இன்டர்மீடியட் யூனிட், கலிபோர்னியாவில் கவுண்டி கல்வி அலுவலகம். பலவற்றில் கூட்டு விலை, தயார் ஒப்பந்தம் இரண்டும் கிடைக்கும்.

17. எவ்வளவு மிச்சமாகும்னு போர்டு கேக்குது. என்ன சொல்றது?

‘நூறு செயலியைக் குறைத்தோம்’ என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். அதில் தொண்ணூறு இலவசமாக இருக்கும், மிச்சம் பூஜ்யம். பணம் மேலே இருக்கும் சில ஒப்பந்தங்களில்தான் இருக்கிறது: பயன்படாத லைசென்ஸைக் குறைப்பது, ஒரே வேலை செய்யும் இரண்டில் ஒன்றை விடுவது, பள்ளி வாரியாக வாங்கியதை மாவட்ட விலைக்கு மாற்றுவது. ஈ-ரேட் பணம் கற்றல் மென்பொருளுக்குக் கிடையாது, ஆகவே மிச்சமாவது பெரும்பாலும் பொது நிதியிலோ, ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்குக் கூட்டாட்சி அரசு தரும் டைட்டில் ஒன் போன்ற நிதியிலோதான். இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். டைட்டில் ஒன்னில் மிஞ்சியதை எடுத்துப் பேருந்து வாங்க முடியாது.

18. நாம வச்சுக்கிட்ட ஆப்போட கம்பெனியே மூடிட்டா?

நடக்கிறதுதான். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் 2024 மார்ச்சில் ‘எட்’ என்ற உரையாடல் செயலியை விமரிசையாக அறிமுகப்படுத்தியது. சில மாதத்தில் அதைச் செய்து கொடுத்த ஆல்ஹியர் நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. 60 லட்சம் டாலர் வரையான ஒப்பந்தத்தில் பாதியளவு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பெரிய நிறுவனம் என்றாலும் நிரந்தரம் இல்லை: கூகுள் ஜாம்போர்டை 2024 டிசம்பர் கடைசியோடு நிறுத்திவிட்டது.

ஒப்பந்தத்தில் நாலு வரி பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனம் வாங்கினால் பழைய தரவு விதிகளே செல்லும். மூடினால் பொதுவான கோப்பு வடிவத்தில் தரவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்று வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டுவதில்லை. வாரியம் நிதி ஒதுக்காவிட்டால் அபராதமின்றி விலகலாம்.

19. ஏற்கெனவே இருக்கிற ஆப்ல திடீர்னு ஏ.ஐ. பட்டன் வந்திருக்கு. பழைய அனுமதி செல்லுமா?

செல்லாது என்று வைத்துக்கொள்வதே நல்லது. பிள்ளை எழுதிய கட்டுரை இப்போது மூன்றாவது நிறுவனத்தின் மாடலுக்குப் போகலாம். நீங்கள் கையெழுத்துப் போட்டபோது அந்த நிறுவனம் பட்டியலிலேயே இல்லை. துணை நிறுவனங்களின் புதிய பட்டியலைக் கேளுங்கள், பிள்ளைகள் எழுதுவதை வைத்து மாடலைப் பயிற்றுவிக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள், நிர்வாகி மட்டத்தில் அந்தப் பட்டனை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். அணைக்கவே வழியில்லாத செயலி, மறுபரிசீலனைப் பட்டியலின் தலைக்கு வர வேண்டும்.

20. நான் ஐ.டி. ஆள் இல்ல, பெற்றோர். பட்டியலைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

மாநிலத்தைப் பொறுத்தது. இல்லினாய் மாநிலத்தில் மாணவர் தரவு எடுக்கும் நிறுவனங்களின் பட்டியலை மாவட்டம் தன் வலைத்தளத்தில் போட வேண்டும். நியூயார்க்கில் ஒவ்வொரு ஒப்பந்தம் பற்றிய தரவு விவரமும் ‘பெற்றோர் உரிமைப் பட்டியல்’ என்ற பக்கத்தோடு இருக்கும். மற்ற இடங்களில் பொதுப் பதிவுச் சட்டப்படி கேட்கலாம். உங்கள் பிள்ளையின் பதிவை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஃபெர்பா போதும், 45 நாளுக்குள் காட்ட வேண்டும். ‘எல்லாத்தையும் கொடுங்க’ என்று கேட்பதைவிட, பிள்ளையின் வகுப்பில் ஓடும் ஐந்து செயலிகளைப் பெயர் சொல்லி, தரவு ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். பதில் சீக்கிரம் வரும்.

21. ஒரு தடவை முடிச்சாச்சு. மறுபடி எப்ப பண்ணணும்?

முழுக் கணக்கெடுப்பு வருடத்துக்கு ஒன்று, 6-இல் சொன்ன நாள்காட்டிப்படி. இடையில் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கி மூன்று அறிக்கையைத் திறங்கள்: கூகுளில் புதிதாக அனுமதி பெற்ற செயலிகள், புதிய நீட்சிகள், கார்டு ஸ்டேட்மென்ட். புதிதாகத் தெரிவதை அன்றைக்கே பட்டியலில் ஏற்றி, பொறுப்பாளர் நெடுவரிசையை நிரப்புங்கள். ரத்து அறிவிப்புத் தேதிகளை இரண்டு பேருடைய நாள்காட்டியில் போட்டு வையுங்கள், ஒருவர் லீவில் இருந்தாலும் மற்றவருக்கு மணி அடிக்கும்.